பெரியப்பா கேட்ட பச்சையரிசி

இதை நம்புங்கள் என்று யாருடைய காலிலும் நான் விழப்போவதில்லை. என் கண்ணால் கண்டது, என் கையால் செய்தது. கதை கட்டுவதென்றால் எங்கள் குடும்பத்தை இதைவிட நல்ல குடும்பமாகக் காட்டியிருப்பேன்.

1989 ஆவணி. நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஏரம்புவின் ஊர் யாழ்ப்பாணத்துக் கொடிகாமம். அவருக்கு நெஞ்சு வருத்தம், பயணம் கூடாது. அதனால் அவருடைய தங்கை பராசக்தி மாமியின் வீட்டுக்கு நான் மட்டும் வந்தேன். புறப்படும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பட்டினத்திலை உன்ரை பெரியப்பா மார்க்கண்டு இருக்கிறார். என்னை மன்னிச்சிட்டன் எண்டு அவரின்ரை வாயாலை ஒரு சொல் வாங்கிக்கொண்டு வா, பிள்ளை. அது இல்லாமல் எனக்கு நிம்மதியாய்ச் சாவு வராது.”

பெரியப்பா குருநகர்க் கத்தோலிக்கப் பெண் றோஸைக் கட்டியவர். கட்டிய அன்று பெண்ணோடு வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் கதவை அடித்துச் சாத்தியவர் என் அப்பா. முப்பத்தைந்து வருடமாகப் பேச்சில்லை. சிவனுக்கும் மாதாவுக்கும் ஒரு சண்டையும் இல்லை. சண்டை பிடித்ததெல்லாம் எங்கள் ஆட்கள்தான்.

பெரியப்பாவைப் பற்றி மாமியிடம் கேட்டேன்.

“உந்தக் கதையை விடு, பிள்ளை.”

அவ்வளவுதான். அடுப்படிக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள், ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக மினி வானில் ஏறினேன். யாழ்ப்பாணப் பட்டினத்தைப் பற்றி அப்பா சொல்லிச் சொல்லி, அது என் மனதில் சிங்கப்பூரைவிடப் பெரிதாக இருந்தது. நேரில் பார்த்தால் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் பாதி பூட்டு. சுவரெல்லாம் குண்டுத் துளை. சென்ட்ரிக் காவலரணில் இந்திய அமைதிப்படைச் சிப்பாய் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆனாலும் பெரியகடைச் சந்தையைச் சுற்றினேன், கூல்பாரில் சர்பத் குடித்தேன், இரண்டு தரம் வழி தவறினேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

அப்பா சொன்ன குருநகர்க் குறுகல் ஒழுங்கைக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. தார் உருகுகிற வெயில். ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. வாசலில் ஒருவர் நின்றார். அப்பாவின் அதே மூக்கு.

“ஏரம்பின்ரை மகளே?”

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. முகச்சாடையில் கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனேன். கிணற்றுக்குள் இறங்கியதுபோல் குளிர்ந்தது. ஒழுங்கையில் கேட்ட சைக்கிள் மணி, காகம் எதுவும் உள்ளே கேட்கவில்லை. பெரியப்பாவின் சட்டைக் கழுத்தில் மண். காது மடிப்பிலும் மண்... ஈர மண். தோட்டம் கொத்தியிருப்பார் போல. ஆனால் என்னைப் பார்த்த கண் ஒரு தரமும் இமைக்கவில்லை.

அப்பா கேட்ட சொல்லைக் கேட்டேன்.

“பச்சையரிசி கொண்டு வா, பிள்ளை.”

“பசிக்குதே பெரியப்பா? சோறு வாங்கி வரட்டே?”

“பச்சையரிசி.”

ஒழுங்கை முகப்பில் ஒரு கடை. சிவப்புப் பச்சையரிசி கொஞ்சம் வாங்கினேன். பசித்த மனிதர் சோறு வேண்டாமென்று அரிசி ஏன் கேட்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துபோனார். அதன்பிறகு அப்பா என்னை எந்தச் செத்தவீட்டுக்கும் கூட்டிப்போனதில்லை.

திரும்பி வந்தேன். வீட்டுக்குள் அவர் இல்லை.

பின்பக்கம் கிணற்றடியில் கிடந்தார். மல்லாந்து... மண்ணில்.

கையை நீட்டவில்லை. வாயைத் திறந்தார்.

ஒரு பிடி போட்டேன்.

சர்ர்ர்...

வாய்க்குள் விழுந்த சத்தம் இல்லை அது. எங்கோ கீழே... மண்ணில் விழுந்த சத்தம்.

இரண்டாம் பிடி.

சர்ர்ர்...

மூன்றாம் பிடிக்கு வாயை மூடிக்கொண்டார். என் கையிலிருந்த அரிசியைத் தன் கைக்குள் வாங்கிப் பொத்தினார். அந்த விரல்கள்... ஐஸ்.

“அ... அப்பாவுக்கு என்ன சொல்ல?”

“நானே வாறன் எண்டு சொல்லு.”

ஓடினேன். மினி வானில் ஏறும்வரை நிற்கவில்லை.

கொடிகாமத்தில் படலை வாசலிலேயே வைத்து மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி இரண்டு கையாலும் வழியை மறித்தார்.

“உள்ளுக்கை வராதை. முதல்லை கிணத்தடிக்குப் போய் முழுகு.”

முழுகிவிட்டு ஈரத் தலையோடு நின்றபோதுதான் சொன்னார்.

“அண்ணை செத்து ரண்டு வருசம், பிள்ளை. சண்டைக்குள்ளை ஷெல் விழுந்தது. பக்கத்து வீட்டு லூர்த்தம்மாதான் கிணத்தடியிலை குழி வெட்டித் தாட்டவ. றோஸ் முந்தியே செத்திட்டா, பிள்ளையளும் இல்லை. வாய்க்கரிசி போட ஒரு உரித்தாளும் இல்லை.”

“வாய்க்கரிசியெண்டால் என்ன, மாமி?”

“செத்தவையின்ரை வாயிலை சொந்தக்காரர் போடுற அரிசி.”

என் உள்ளங்கை கூசியது.

“நீங்கள் ஏன் போகேல்லை?”

“ஊரடங்கு எடுத்தாப்பிறகும் உன்ரை மாமா என்னைப் போக விடேல்லை. உன்ரை கொப்பர் நெஞ்சு வருத்தக்காரன் எண்டு அவருக்கு அறிவிக்கவும் இல்லை.”

பதினைந்து மைல்தான். நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். அவ்வளவு வெறுப்பாக இருந்தது எனக்கு.

மறுநாள் காலை மாமியும் நானும் போனோம். நான் உட்புகுந்த வீட்டுக்குக் கூரையே இல்லை. கதவும் இல்லை. கிணற்றடியில் ஒரு மண்மேடு. அதன்மேல் சிவப்பரிசி, இரண்டு பிடியளவு கிடந்தது. மாமி அதன் பக்கத்திலேயே இருந்து குழறி அழுதார். எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை.

ஈப்போ திரும்பியதும், “பெரியப்பா மன்னிச்சிட்டார்” என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். வேறு என்ன சொல்ல? அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிரவு நிம்மதியாகப் படுத்தார். காலையில் எழும்பவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளையரிசி மட்டுந்தான் இருந்தது. ஒரே பிள்ளை என்பதால் முதலில் என்னைத்தான் போடச் சொன்னார்கள். ஒரு பிடி எடுத்துக்கொண்டு குனிந்தேன். அப்பாவின் வாய் இறுக மூடியிருந்தது. விரலால் மெல்லத் திறந்தேன்...

எனக்கு முன்னால் யாரோ போட்டிருந்தார்கள்.

சிவப்புப் பச்சையரிசி. ஒரு பிடி.