மாமாவுக்குக் கேட்காத ஆணி

என் அக்கா புருஷனுக்குக் காது போய்விட்டது. அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுநாளே கூரையிலிருந்து இறக்கிவிடுவார். கீழிருந்து கத்தினால் கேட்காத ஆளை யார் மேலே ஏற்றுவார்கள்?

மாமா கூரைத் தச்சர், நான் அவருக்குக் கையாள். மரச்சட்டங்களின் மேல் பலகை பரப்பி ஆணி அடிப்பவர். காலமெல்லாம் சுத்தியல் பிடித்ததில் தோள்பட்டை விட்டுப்போனது. சரி, மிஷின் வாங்கலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற மிஷின் இரண்டை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்றில் ஆணி வரிசையாக நிற்கும். கனமில்லை, ஆனால் சட்டென்று தீர்ந்துபோகும். இன்னொன்று காயில் நெயிலர். வட்ட டப்பாவுக்குள் ஆணியைச் சுருளாகப் போட்டால் நெடுநேரம் ஓடும். கனம் ஜாஸ்தி.

"ஆணிக்காக ஏறி ஏறி இறங்க என் முட்டிக்கு ஆவாதுப்பா" என்று மாமா காயிலையே எடுத்தார். கம்ப்ரஸரில் மாட்டி, ஒரு கட்டையில் அடித்துப் பார்த்தார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குதா?" என்றார் கடைக்காரர்.

"வெயிட்டு பரவால்ல, தாங்கிக்கலாம்" என்றார் மாமா.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கடைக்காரர் காதடைப்பானைத் தன் கையில் வைத்ததும் மாமா என்னிடம் குனிந்து, "மிச்சம் இருக்கறதையும் அடைச்சுக்கணுமாம் மாப்ளே" என்றார். நக்கலுக்கு மட்டும் குறைச்சலே கிடையாது மனுஷனுக்கு.

மிஷின் அவர் கைக்குப் பழகிவிட்டது. ஆணித்தலை பலகையோடு மட்டமாக உட்கார வேண்டும் என்று ஆழத்தைத் திருகித் திருகிச் சரிபார்ப்பார். வம்பு வேறு இடத்தில் இருந்தது. பலகையைப் போட்டபின் அடியில் சட்டம் தெரியாது. ஆணி சட்டத்தில் இறங்கினால் சத்தம் கெட்டியாக வரும். தவறி வெறும் பலகையைத் துளைத்தால் பொக்கென்று வரும். யாருக்கும் தவறும். சத்தம் மாறியதுமே தள்ளி இன்னொன்று அடித்துவிடுவார்கள். மாமாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் சாப்பாட்டு நேரத்தில் நான் கூரைக்கு அடியில் போய் அண்ணாந்து பார்ப்பேன். சட்டத்துக்குப் பக்கத்தில் ஆணி முனைகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே வந்து விரலால் காட்டுவேன், அவர் தள்ளி மறுபடி அடிப்பார். "டேய், வீட்ல உக்காந்தா அவரு உடைஞ்சுபோயிடுவாருடா, பாத்துக்க" என்று அக்கா அழுவாள். நான் என்ன கடவுளா? எத்தனை ஆணியைப் பார்ப்பேன்? அவள்மேல் எரிச்சலாக வரும். அப்புறம் பாவமாக இருக்கும்.

ஒருநாள் எனக்கு முந்தி மேஸ்திரி அடியில் போய்விட்டார். ஒரு சட்டம் முழுக்க ஒரு ஆணிகூடப் பிடிக்கவில்லை. அங்கிருந்தே "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். அவர் தலைக்கு மேலேயே மாமா அடித்துக்கொண்டு போனார்.

மேஸ்திரி கம்ப்ரஸரை அணைத்துவிட்டு ஏணியில் வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அண்ணே, நாளையிலேருந்து வேணாம். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா என்னால தாங்க முடியாது" என்றார் தணிவாக.

மாமா சிரித்த முகமாகத் தலையாட்டினார். "ஆவட்டும் மேஸ்திரி. நாளைக்கு அந்தப் பக்கத்தையும் முடிச்சிடறேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நீயே சொல்லிடுப்பா" என்று இறங்கிப் போய்விட்டார்.

"என்ன மாப்ளே சொல்லிட்டுப் போறாரு? வேலை பிடிச்சிருக்காமா?"

ரகசியமாகச் சொல்லக்கூடிய காதா அது? வாயைக் கொண்டுபோய் அவர் காதோடு வைத்துக்கொண்டு கத்தினேன்: "நாளைக்கு வர வேணாமாம் மாமா!"

கீழே அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னது?" என்றார் மாமா.