ரைஸ் குக்கருக்கு இடம் உண்டு, தண்ணீருக்கு இல்லை

தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில், அப்போது நாங்கள் குடியிருந்த சுகர் லேண்டிலிருந்து மேற்கு டெக்சாஸ் பாலைவனத்துக்குப் போனோம். பழங்குடியினரின் இடிந்த கல்வீடுகளையும் நீரூற்றையும் பார்க்க ஆசை. மோட்டலில் சமைக்க ரைஸ் குக்கர் வேண்டும், அதை வைக்க இடமில்லை என்று, நான் காரில் ஏற்றிய தண்ணீர் கேன்களைக் கணவர் இறக்கிவிட்டார். "அங்கதான் ஸ்ப்ரிங் இருக்கே, தண்ணி எதுக்கு?"

போனால், ஊற்றில் கந்தக நாற்றம். குடிக்கக்கூடாதென்று பலகை வேறு. புளியோதரை சாப்பிட்டிருந்த ஆறு வயது மகள், "ஐ'ம் தர்ஸ்ட்டி அம்மா" என்று அழுதாள்; பிறகு அழவும் தெம்பில்லாமல் என்மேல் சாய்ந்தாள். அவ்வழியே ரோந்து வந்த பூங்காக் காவலர், ரேஞ்சர்தான் தண்ணீர் கொடுத்தார், எங்களைத் திட்டித் தீர்த்தார்.

"அதான் ஒண்ணும் ஆகலையே, ஏன் டென்ஷன் ஆகுற?" என்றார் கணவர்.

இப்போதெல்லாம் தண்ணீரை ஏற்றிய பிறகுதான் கார் சாவியைத் தருகிறேன். இடம் பற்றாவிட்டால் குக்கரை இறக்குவேன். அதற்கும் வாயைத் திறந்தால் அவரை இறக்குவேன்.