அண்ணன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டானா?

இன்று காலை வண்டிப்பெரியாரில் ஒரு மளிகைக் கடை. எங்கள் எஸ்டேட் குழந்தைக் காப்பகத்துக்குப் பாசிப்பயறு வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொட்டலம் கட்டியபடியே கேட்டார்:

"என்ன டீச்சர், அந்த அண்ணங்காரன் ஜெயில்ல இருந்து வந்துட்டானா?"

தூக்கிவாரிப் போட்டது.

எனக்கு அண்ணனே கிடையாது. அது நேற்று நான் போனில் பாதி பார்த்த பழைய படத்தின் கதை. மதியம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நான் படம் பார்ப்பது சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

"யார் சொன்னா?"

"எஸ்டேட் லயத்து வீடுகள்ல எல்லாரும் பேசிக்கிறாக."

கூட வேலை பார்க்கும் செல்வி அக்காதான், வேறு யார்! காப்பகத்துக்கு வந்ததும் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

"ஏம்மா, மேலுக்குச் சொகமில்லையா?" என்றார். நடிப்பைப் பாருங்கள்.

மதியம் பன்னிரண்டு பிள்ளைகளும் தூங்கியதும் மீதிப் படத்தைப் போட்டேன். ஒரு கண் செல்வி அக்கா மேலேயே இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது, பாயில் படுத்திருந்த நாலு வயது ஜெனி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"டீச்சர், போனை இந்தப் பக்கம் திருப்புங்க. எனக்குத் தெனமும் சத்தம் மட்டுந்தேன் கேக்குது. அந்த அண்ணன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எங்கம்மா கேக்குறாக."

திருப்பி வைத்தேன். வேறென்ன செய்ய?

மற்றப் பதினோரு பேரும் கண்ணை மூடித்தான் கிடந்தார்கள். ஒருவரையும் நம்ப முடியவில்லை.

ஜெனி வாய் திறந்ததும் செல்வி அக்காவின் குறட்டை வேறு நின்றுவிட்டது. நீங்களாக இருந்தால் நம்புவீர்களா?