மாதா வேஷம்

பத்தாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு என்னை மாதாவாகத் தேர்ந்தெடுத்த சிஸ்டர் சொன்ன காரணம் இதுதான்: "முக்காடு நழுவாம அரை மணி நேரம் உக்கார உனக்கு மட்டுந்தான் தெரியும்." திண்டுக்கல்லில் கன்னியர் நடத்திய அந்தப் பள்ளியில், எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் முஸ்லிம். அதுவரை அதை ஒரு தகுதியாக யாரும் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் ரம்ஜானும் டிசம்பரில் வந்தது. நோன்போடுதான் ஒத்திகைக்குப் போனேன். அம்மா பயந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அத்தா, "மாதாதான் நமக்கு மர்யம். அவங்க பேருல குர்ஆன்ல ஒரு சூராவே இருக்கு. நடிக்கட்டுமே" என்றார்.

விஷயம் வெளியே கசிந்தது. பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, "பொம்பளப்புள்ளைக்கு மாதா வேஷம் போட்டு மேடையேத்துறீகளே, நல்லாவா இருக்கு?" என்று அத்தாவிடம் கேட்டார். அதே வாரம் ஒரு மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்து, "எங்க பிள்ளைகள்ல ஒண்ணுகூடவா மாதாவுக்கு லாயக்கில்ல?" என்று சிஸ்டரிடம் சண்டை பிடித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இருவரும் என் விஷயத்தில் ஒரே கட்சி. வேஷம் கைமாறியது. நான் அழுது தீர்த்தேன். அத்தா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. இடையன் வேஷம் கொடுத்தார். தலையில் துண்டு, கண்மையில் மீசை, கையில் கம்பு. இதைக் கேட்டு யாரும் சண்டைக்கு வரவில்லை. இடையன் எந்த மதமானாலும் ஊருக்குக் கவலையில்லை போலிருக்கிறது.

கடைசி ஒத்திகையில்தான் எனக்கு உறைத்தது. மாதாவுக்குக் குடிலில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் வேலை. இடையர்கள்தான் குழந்தைப் பொம்மையின் முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து வணங்க வேண்டும். எங்களுக்குத் தொழுகையைத் தவிர வேறெங்கும் நெற்றி தரையில் படக் கூடாது. பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றியவர்கள் கொண்டுவந்து விட்ட இடம் இது. வாயைத் திறந்தால் இந்த வேஷமும் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

நாடகத்தன்று மற்ற இடையர்கள் விழுந்தார்கள். நான் கம்பை ஊன்றி நின்றேன். முன்வரிசையில் கிசுகிசுப்பு எழுந்தது.

திரை மூடியதும் சிஸ்டர் வந்து, "ஏம்மா, நீ மட்டும் ஏன் விழல?" என்றார்.

"மாதாவா உக்காந்திருந்தா நான் யார் கால்லயும் விழ வேண்டியிருந்திருக்காது, சிஸ்டர்."

அவர் கைக்குட்டையால் என் கண்மை மீசையைத் துடைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை.