வீக்கத்துக்குப் போட்ட பத்து

எங்க வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன், கை நடுங்கும். "மூளையில் சூஜன் இருப்பதாலும் இந்த வியாதி வளரலாம்" என்று டாக்டர் இந்தியில் சொன்னார். சூஜன்னா வீக்கம்தானே? தாராவிக்குத் திரும்பியதும் சுக்கை இழைத்து அவர் நெற்றி நிறையப் பத்துப் போட்டேன். ஒரு வாரம் விடவில்லை!

அடுத்த தடவை போனபோது அந்தக் கோலத்தைப் பார்த்து டாக்டர் சிரித்துவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி இந்தியிலேயே விளக்கினார். "இது பத்துக்கு வடியுற வீக்கம் இல்லம்மா. மூளையைக் காவல் காக்கிற செல்லே ஓயாம கொதிச்சு, நல்ல நரம்பு செல்லையும் நோகடிக்குது."

இவர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அது உன்னைய மாதிரில்லா இருக்கு!"

சுருக்கென்றது. டம்ளரைத் தொடாதீங்க, தனியா நடக்காதீங்க என்று நாள் முழுக்கக் கத்தியது நான்தானே.

இப்போது டீயை அவரேதான் ஊற்றிக்கொள்கிறார். பாதி தரையில் சிந்தும். நான் வாயை மூடிக்கொண்டு, துணியோடு பக்கத்தில் நிற்கிறேன்.