பால் சப்பாத்தும் மருதாணிக் காலும்

அரைத்த மருதாணியின் பச்சை வாடையும் புளித்த ரப்பர் பாலின் வாடையும் ஈரச் சாக்கு வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், மலேயாவின் ஜொகூரில் மழைக்காலம் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். மண்வாசனையைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பாலோ என்ற சிற்றூருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ‘லயம்’ என்று நாங்கள் சொன்ன வரிசை வீடுகளில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் வளர்ந்தவள் நான். எங்களுக்கு மழை என்றால் கால்தான் ஞாபகம் வரும்.

அப்போது தோட்டத்தில் செருப்புப் போட்டவர்கள் என்றால் துரையும் கணக்கெழுதும் கிராணியும்தான். மற்றவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு விடியற்காலைப் ‘பெரட்டு’க்குப் போய் ஆள்கணக்குக் கொடுத்துவிட்டு, சேற்றிலும் அட்டைக்கடியிலும் மரம் மரமாக நடந்து பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோரில் கொட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது, கால் விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்து, வெந்த கிழங்குத் தோல்போல உரிந்து கிடக்கும். அதுதான் ‘சேத்துப்புண்’. இடுப்பில் சேலை இறுகும் இடத்தில் படர்தாமரை, பிள்ளைகள் தலையில் புண், தொடையில் கட்டி என்று மற்றவையும் உண்டு. படர்தாமரைக்கு மலாய்க்காரர்கள் ‘கெலெங்காங்’ என்று சொல்லும் சீமையகத்தி இலையைச் சுண்ணாம்போடு கசக்கித் தேய்ப்பார்கள். எரிச்சலில் ஆள் துள்ளிக் குதிப்பார், அரிப்பும் அடங்கிவிடும். சேத்துப்புண்ணுக்கு மட்டும் ஒரே மருந்து, என் அம்மாவின் மருதாணி.

பாலோ கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டிலிருந்து ஒரு குச்சியை வாங்கிவந்து குழாயடியில் ஊன்றியவள் அம்மா. அது ஆள் உயரத்துக்கு வளர்ந்து லயத்துக்கே பொதுச்சொத்தாகிவிட்டது. சாயங்காலம் காலைக் கழுவி, அடுப்புப் பக்கத்தில் நீட்டிக் காயவைத்து, அரைத்த மருதாணியை விரல் இடுக்குகளில் அப்பிக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருப்போம். மழைக்காலம் முடிகிறவரை எங்கள் கால்களைப் பார்த்தால் தோட்டத்தில் தினமும் கல்யாணம் நடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள்.

ஆண்கள் மட்டும் கிட்டே வரமாட்டார்கள். ஒரே ஒரு வருஷம் பக்கத்து வீட்டு முனியன், எங்களுக்கெல்லாம் முனியண்ணன், வலி பொறுக்கமாட்டாமல் அம்மாவிடம் மருதாணி வாங்கிப் பூசிக்கொண்டு, சிவந்த காலோடு பெரட்டுக்குப் போய்விட்டார். போதாதா! “வாங்கடா, கல்யாணப் பொண்ணு வந்துருச்சு. மாமியா வீட்டுக்கு எப்ப தாயி பயணம்?” என்று பெரட்டுக்களமே சிரிக்கக் கேட்டவர் யாரென்று நினைக்கிறீர்கள், என் அப்பா வீரமுத்துதான். அந்த மழைக்காலம் முழுக்க முனியண்ணனுக்குப் ‘பொண்ணு’ என்றே பெயர்.

அடுத்த மழைக்கு அதே புண் அப்பாவுக்கு வந்தது, வலது கால் சுண்டுவிரல் இடுக்கில். அம்மா அம்மிக்குப் போனாள். “ஏ புள்ள, என்னையும் பொண்ணாக்கிப் பாக்கப் போறியா? போடி அந்தப் பக்கம்!” என்று சத்தம் போட்டுவிட்டு, தோட்டத்து ஆண்கள் செய்கிற வைத்தியத்தை அவரும் செய்துகொண்டார்.

அது என்ன வைத்தியம் என்றால், மரத்தில் பால் வடியக் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்திலிருந்து பச்சைப் பாலை எடுத்துப் புண்ணின்மேல் ஊற்றிக்கொள்வது. கொஞ்ச நேரத்தில் அது தோலோடு தோலாக உறைந்து ஒட்டிக்கொள்ளும்; தண்ணீர் புகாது, ஈ மொய்க்காது. பால் வெட்டும் உளி பட்ட சின்னக் கீறலுக்கு எல்லாரும் அதைத்தான் ஊற்றுவார்கள், அது ஆறியும்விடும், அதனால் அதன்மேல் அசைக்கமுடியாத நம்பிக்கை. அப்பா தினமும் ஒரு பூச்சு ஊற்றி ஊற்றி, விரல்களையெல்லாம் சேர்த்து மூடிக் காலுக்கு ஒரு உறையே போட்டுவிட்டார். துரை போடும் பூட்ஸைச் சப்பாத்து என்போம், அப்பாவுடையதைப் ‘பால் சப்பாத்து’ என்போம். “பாத்தியா? தொரைக்கு மட்டுந்தான் சப்பாத்தா, எனக்கும் இருக்கு” என்று லயம் முழுக்கக் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

உள்ளே ஈரம் இருந்தது, காற்று இல்லை. எந்தக் கிருமிக்கும் அதைவிட வசதியான வீடு கிடைக்காது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கால் வீங்கி மினுமினுத்ததும், தொடை இடுக்கில் நெறி கட்டியதும், கணுக்காலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறியதும்தான். காய்ச்சலில் பல் கிடுகிடுக்க, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலோடு எவனால் பால் வெட்ட முடியும்? பால் வெட்டாதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது, ஒரு பிடி மண்கூட இல்லை. நான் பயந்துபோனேன். அப்பா செத்துப்போவார் என்றுகூட இல்லை, கால் போய்விடும் என்றுதான் அழுதேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிப்போக அம்மா ஆள் தேடினாள். முதல் ஆளாக வந்து நின்றவர் முனியண்ணன். வாளி தூக்கும் ‘காண்டா’க் கட்டையில் சாக்கைக் கட்டித் தூளியாக்கி, அப்பாவை அதில் போட்டு, முன்பக்கம் தன் தோளைக் கொடுத்தார். “அலாமாக், என்னா கனம்ண்ணே! பேச்சு மட்டுந்தான் கனம்னு நெனச்சிருந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் டிரெசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கட்டுவது, ஊசி போடுவது, சின்ன அறுவை எல்லாம் அவர் கைதான். காலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “என்ன வேலை செய்து வச்சிருக்கிறீர்! சீழைப் போட்டுப் பூட்டி வச்சிருக்கிறீரே!” என்று திட்டிக்கொண்டே கத்தரிக்கோலால் சப்பாத்தைக் கிழித்தார். வந்த நாற்றத்தில் நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் வெள்ளம் பாதையை மூடிவிட்டிருந்தது.

“இனி நிண்டால் மேல ஏறும். கால் வேணுமோ, விரல் வேணுமோ? ஒண்டைச் சொல்லும்.”

“காலு வேணுங்க ஐயா” என்றார் அப்பா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

செத்த விரல், வெட்டி எடுத்தபோது வலிக்கவே இல்லை என்று பிற்பாடு பெருமையடித்துக்கொண்டார். வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்கல்லவா தெரியும் அவர் போட்ட சத்தம்! பென்சிலின் எல்லாம் ஏது அப்போது. சீழை வழியவிட்டு, ‘ஊதாத் தண்ணி’ என்று நாங்கள் சொன்ன மருந்துத் தண்ணீரில் காலை ஊறவைத்து, அயோடின் தடவிக் கட்டுவார் ஐயா. அம்மா பழைய சேலையைக் கிழித்து, “அவிச்சுக் கட்டும்” என்று அவர் சொன்னபடி தினமும் கொதிக்கவைத்துக் காயப்போடுவாள். சிவப்புக் கோடு மெல்ல மெல்ல இறங்கியது. அது கணுக்காலுக்குக் கீழே போய் மறைந்ததைப் பார்த்த அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

புண் ஆறிய பிறகு மருதாணி பூசலாமா என்று ஐயாவிடமே கேட்டாள் அம்மா. “பூசும். ஆனா இடுக்கு காயோணும். காயாட்டி நீர் பூசினாலும் ஒண்டுதான், நான் பூசினாலும் ஒண்டுதான்” என்றார். அன்று சாயங்காலம் அப்பா தானாகவே காலைக் கழுவித் துடைத்து, அடுப்புப் பக்கம் காயவைத்து, அம்மாவின் முன்னால் நீட்டினார். ஒன்பது விரலுக்கும் அம்மா பூசிவிட்டாள்.

அவர் திரும்பவும் பெரட்டுக்குப் போன நாளில் களம் முழுக்க முனியண்ணனைத்தான் பார்த்தது. அவர் அப்பாவின் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வாங்க தாயி, மாமியா வீட்டுல எல்லாரும் சொகமா?” என்றார். முதலில் சிரித்தது அப்பாதான். அந்த வாரமே குழாயடி மருதாணிச் செடியில் இலையைத் தேட வேண்டியதாயிற்று. ஆண்பிள்ளைகள் எல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா நெடுங்காலம் அந்தக் காலோடு நடந்தார், பால் வெட்டினார், எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். எந்த மழைக்காலத்திலும் மருதாணி வைத்துக்கொள்ளத் தவறவில்லை. அவர் காலமானதும் ஒரு மழை நாளில்தான். குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு அம்மா எழுந்துபோய், மருதாணி அரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “ஆம்பளைக்கு, இந்த நேரத்துல எதுக்கத்தே இதெல்லாம்?” என்று என் வீட்டுக்காரர் தயங்கிக் கேட்டார். அம்மா நிமிரவே இல்லை. “வெளிய மழை பேயுது பாருங்க மாப்ள” என்று சொல்லிவிட்டு விரல் விரலாகப் பூசினாள்.

இன்றைக்கு அந்த லயம் இல்லை, ரப்பர் மரங்களும் இல்லை; கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப்பனை. குழாயடி இருந்த இடம்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பனைக்காட்டில்தான் என் மகன் வேலை பார்க்கிறான், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. போன வாரம் அதைக் கழற்றினான், உள்ளே தண்ணீர், விரல் இடுக்கெல்லாம் வெளுத்து உரிந்து கிடந்தது. கிளினிக்கில் களிம்பு கொடுத்திருக்கிறார்கள், நல்ல களிம்பு, நான் குறை சொல்லமாட்டேன். முதலில் பூஞ்சை வந்து தோலை வெடிக்கவைக்கும், வெடிப்பு வழியாகத்தான் மற்றக் கிருமி உள்ளே போகும், அதனால் காலைக் காயவையுங்கள் என்றாராம் அந்த டாக்டர். எனக்கா சொல்லவேண்டும்? துண்டை எடுத்துவந்து அவன் காலடியில் உட்கார்ந்து துடைத்தேன். சுண்டுவிரல் இடுக்கில் இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தேன்.

“போதும்லா ம்மா, நான் என்ன சின்னப் புள்ளயா?” என்று கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டான்.

“மழை பேயுதுடா” என்று சொல்லி, காலைத் திரும்ப என் மடிமேல் வைத்துக்கொண்டேன்.