அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது

காய்ந்த மிளகாய் கருகும் நெடி எங்கிருந்தாவது வந்தால், வீட்டில் மற்றவர்கள் தாளிப்பு தீய்ந்துவிட்டது என்று அடுப்படிக்கு ஓடுவார்கள். நான் அக்கா எங்கே என்று தேடுவேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அப்படித்தான். ஒன்பது வயதில் அந்தப் புகைக்குள் நின்றவள் நான். அன்று பார்த்ததை உண்மைதான் என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளவே வெகுகாலம் பிடித்தது.

எங்கள் ஊர் சோரியாங்குப்பம். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் கொம்யூனின் கடைசியில் இருக்கிறது. அந்தப் பக்கம் கால் வைத்தால் கடலூர்ச் சீமை. பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய புதிது. வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்த எல்லைக் "கேட்டு" ஆளில்லாமல் கிடந்தது. அதன் கட்டையில் ஆடுகள் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும். அதை ஒட்டி ஒரு பெரிய புளியமரம் நின்றது. "கொடி மாறிச்சு, குடிக்கிற கூழு மாறலியே" என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள். மாறாதது கூழ் மட்டுமில்லை என்று எனக்கு அந்த வருடம் தெரிந்தது.

என் அக்கா காவேரிக்கு அப்போது பதினேழு வயது. பக்கத்து வீட்டு ராஜாமணி அத்தையின் மகள் செண்பகமும் அவளும் ஒரே வயது, ஒரே ஜோடி. நாற்று நடுவதும் மாட்டுக்குக் கரும்புத் தோகை கட்டி வருவதும் ஒன்றாகத்தான்; ஒருத்தி சிரித்தால் காரணம் தெரியாமலே மற்றவளும் சிரிப்பாள். "ரெண்டையும் ஒரே வூட்ல கட்டிக் குடுங்க, இல்லன்னா மாப்ள வூட்ட ரெண்டாக்கிடுவாளுங்க" என்று தெருவில் சொல்வார்கள். கரும்பாலை ஓடிக்கொண்டிருந்த மாசி மாதத்தில் ஒரு காலை, செண்பகத்தைக் காணவில்லை என்று தேடிப்போன அக்காதான் கரும்புக்கொல்லைக் கிணற்றை முதலில் எட்டிப் பார்த்தாள்.

ஏன், எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "கால் வழுக்கிடுச்சு" என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். போலீசுக்குச் சொன்னால் கேட்கப்போவது பழைய பிரெஞ்சுச் சட்டமா புதுச் சட்டமா என்பதே ஊரில் ஒருவருக்கும் புரியாத நேரம். ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல் பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். அதற்கு மேலே ஒரு கட்டளையும் போட்டார்கள். "வாழாம போனவ பேர வாயால சொல்லக் கூடாது. சொன்னா, கூப்பிட்டாங்கன்னு வூட்டுக்குள்ள வந்துடும்." நேற்றுவரை செண்பகம் என்றிருந்தவள் மறுநாளிலிருந்து "அது" ஆகிவிட்டாள். பெற்ற தாய்கூடப் பெயர் சொல்லி ஒப்பாரி வைக்கக் கூடாது என்றார்கள். ராஜாமணி அத்தை முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுததை வேலி ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன்.

அக்கா அழவே இல்லை. அதைப் பார்த்து "பொண்ணு தைரியசாலி" என்று மெச்சினார்கள். பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். கிணற்றுத் தண்ணீர் நிறைந்த சொம்பை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மோர் என்று ஏமாற்றித்தான் அம்மா கொஞ்சம் உள்ளே இறக்குவாள். தலை வாரவில்லை, தூங்கவில்லை, நெல் குதிருக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் குந்திக்கொண்டு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டு தெருவுக்கு ஓடிய நான் இருட்டும்வரை வீட்டுக்குள் வரவில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஏம்பலம் ஊர்க்காரர்களிடம் அவளுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினோம். புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அம்மா சொன்னபோது அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியம்னு பேரு வந்துட்டா பரம்பரையே பைத்தியம்னுவான். நாளைக்குச் சின்னவளுக்கு எவன் வருவான்?" சின்னவள் என்றால் நான்தான். வைத்தியரிடம் போவது வெட்கம், பேயோட்டுவது வெட்கமில்லை. பேய் என்பது வெளியிலிருந்து வந்த விருந்தாளி, விரட்டினால் போய்விடும், குடும்பத்தின் மேல் பழி இல்லை; புத்தி கெட்டது என்றால்தான் அது ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கில்தான் அப்பா அமாவாசை உச்சிப்பொழுதில் ஊரையே கூட்டி வைத்து, தன் மகளைப் புளியமரத்தடிக்கு நடத்திப் போனார். நல்ல மனிதர் அவர். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பம்பை முழங்கியது. பூசாரி அக்காவின் கூந்தலை அவிழ்த்து, உச்சியிலிருந்து ஒரு கற்றையைத் தன் முஷ்டியில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நெருப்புச் சட்டியில் மிளகாயைக் கொட்டி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். எங்கள் பக்கத்து முறை இதுதான்: பேய் தன் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அந்தக் கற்றையை மரத்தோடு வைத்து ஆணி அடித்து, முடியை அறுத்துவிட்டால் பேய் மரத்தில் தங்கிவிடும், பெண் எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். மரம் முழுக்க அப்படி அடித்த ஆணிகளும் அவற்றில் ஒட்டிய முடியும் இருந்தன.

"யாரு நீ? எந்த ஊரு?" என்று பூசாரி அதட்டினார்.

"நான் காவேரி."

"பொய் சொல்லுது" என்று பிரம்பால் அடித்தார்.

"நான் காவேரிதாங்க." மறுபடியும் அடி. இருமலுக்கு நடுவே அவள் அப்பாவைத் தேடிப் பிடித்துப் பார்த்து, "அப்பா, நான் காவேரிதாம்பா. நீயே சொல்லுப்பா" என்றாள். அப்பா தரையைப் பார்த்தார். சொந்தப் பெயரைச் சொன்னதற்காக ஒரு பெண்ணை அடித்தார்கள், சுற்றி நின்ற அத்தனை பேரும் அவளைப் பிறந்ததிலிருந்து அந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள். என்னையும் சேர்த்து ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எத்தனை அடிக்குப் பிறகோ, அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை, ஆடவில்லை. தெளிவாக, "செண்பகம்" என்றாள்.

பம்பை நின்றுவிட்டது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. பூசாரிக்கு முகம் மலர்ந்தது. "வந்துட்டியா. இன்னா வேணும் உனக்கு? சேலையா, பூவா, கோழியா?" என்று கேட்டுக்கொண்டே ஆணிக்குக் கை நீட்டினார். அப்போதுதான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு ராஜாமணி அத்தை உள்ளே வந்தார். அத்தனை நாளும் சொல்லக் கூடாது என்று அடக்கி வைத்திருந்த பெயரை இன்னொருவர் வாயில் கேட்டுவிட்டார். அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "ஏண்டி போன? நான் உன்ன இன்னாடி சொன்னேன்? அங்க குளுருதாடி?" என்று கேட்டார்.

பூசாரி அதட்டினார். "தள்ளும்மா. அது உன் பொண்ணு இல்ல, பேயி."

"பேயா இருந்தா இருக்கட்டும். ஆணி அடிக்காதீங்க. அப்பால அவ எங்க வந்து பேசுவா?"

பேயைப் போகாதே என்று கெஞ்சிய ஒரு மனுஷியை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அத்தைக்கு அன்று மகள் கிடைத்திருப்பாள். அக்கா எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

"அத்த, அவ இல்ல. நான் காவேரி. நான்தான் மொதல்ல பாத்தேன். அவ முடி தண்ணி மேல மெதந்துச்சு அத்த."

அத்தை அறைவார் என்றே நினைத்தேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அக்காவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுடி. எல்லாத்தையும் சொல்லு" என்றார். பிறகு இரண்டு பேரும் செண்பகம் செண்பகம் என்று ஊர் கேட்க அழுதார்கள். பூசாரி ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் "இந்த மாதிரி கேசு நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, படையலுக்கு வைத்திருந்த கோழியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா மறுநாளே குணமாகிவிடவில்லை. அத்தை தினமும் மத்தியானத்தில் வந்து அந்தச் சந்துக்குள்ளேயே அவளோடு உட்கார்ந்துகொள்வார். "பைத்தியம் ஒண்ணு ரெண்டாச்சு" என்று தெருவில் பேசினார்கள். அத்தை கொடுத்த சொம்பிலிருந்துதான் அக்கா முதலில் தண்ணீர் குடித்தாள். அப்பாவும் கடைசியில் இறங்கிவந்து ஆஸ்பத்திரிக்கு ஒப்புக்கொண்டார், ஊருக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகவே டாக்டரைப் பார்க்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறுவோம். ஆடி மாதத்தில்கூடப் போனோம். ஆடியில் எவன் வீட்டில் முகூர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மை ஊருக்குத் தெரியவில்லையா, தெரிந்தே எங்கள் மேல் இரக்கம் காட்டினார்களா என்பது எனக்கு விளங்கவில்லை.

பிற்காலத்தில், நானும் பிள்ளை பெற்று வளர்த்த பிறகு, ஏன் அந்தப் பெயரைச் சொன்னாய், அடி தாங்காமலா என்று அக்காவிடம் கேட்டேன். "அடிக்காகத்தான்னு வெச்சுக்கோயேன்" என்று முறத்தை எடுத்துக்கொண்டவள், "அவ பேரச் சொல்றதுக்கு ஊர்ல வேற எடம் ஏதுடி இருந்துச்சு?" என்றாள்.

இன்று அந்த ஊரில் பூசாரி இல்லை, பம்பை இல்லை, கேட்டு இருந்த தடயமும் இல்லை. மனதுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனாலும் காலேஜ் போகும் பேத்தியைக் கூட்டிப்போகிற என் உறவுக்காரி ஒருத்தி, கேட்பவர்களிடம் "கண்ணு செக்கப்" என்றுதான் சொல்கிறாள். சென்ற வருடம் சாலையை அகலப்படுத்தப் புளியமரத்தையும் அறுத்தார்கள். எண்பதைத் தாண்டிய அக்கா பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் கூட்டிப் போனேன். மின்ரம்பம் மரத்துக்குள் போனதும் கிறீச்சிட்டு நின்றது, பல் உடைந்துவிட்டது. வேறொன்று மாட்டினார்கள், அதுவும் உடைந்தது. பட்டை வளர்ந்து மூடிய மரத்துக்குள் எல்லாம் ஆணி. ஆட்கள் குறடு வைத்துப் பிடுங்கிப் பிடுங்கிச் சாலையில் போட்டார்கள், துருப்பிடித்த ஆணிகள் கூடை கூடையாக வந்தன. "போர்டு மாட்டியிருப்பாங்கபோல" என்றான் மேஸ்திரிப் பையன்.

அக்கா குனிந்து கூடையையே வெகுநேரம் பார்த்தாள். "என்னுது இதுல இல்ல" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இவங்கல்லாம் யார் பேரச் சொல்லிட்டு எழுந்து வூட்டுக்குப் போனாங்களோ, தெரியலியேடி."